பொருளியல் அறிஞர் குமரப்பா

கணக்கு என்பது வாணிகர்க்கும் அரசாங்க அலுவலர்க்கும் மட்டுமே உரியது என்று பலர் எண்ணுகின்றனர். வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, எஞ்சியது இவ்வளவு என்று எழுதிக் கூட்டிவிட்டால் கணக்கு முடிந்துவிட்டது என்பது அவர்கள் கருத்து. ஆனால், அந்த வரவு யாரிடமிருந்து வந்தது, அந்தச் செலவு யாருக்குப் பயன்பட்டது என்னும் வினாக்களை எழுப்பும்போதுதான் கணக்கு பொருளியலாக வளர்கிறது. கணக்கில் கைதேர்ந்து, நல்ல ஊதியமும் பெற்று வாழ்ந்த தமிழர் ஒருவர், முப்பத்தைந்து வயது ஆன பின்னர் மீண்டும் மாணவராகிப் பல்கலைக் கழகம் புகுந்தார். அங்கே அவர் அந்த வினாக்களை எழுப்பக் கற்றார். அவற்றுக்குக் கண்ட விடை அவருடைய வாழ்வையே மாற்றியது. அவர்தாம் ஜே. சி. குமரப்பா.

குமரப்பா 1892-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4-ஆம் நாள் தஞ்சாவூரில் தோன்றினார். தந்தையார் சாலமன் துரைசாமி கார்னீலியஸ். பொதுப்பணித் துறையில் அலுவல் பார்த்தவர். தாயார் எஸ்தர் இராஜநாயகம் அம்மையார். கிறித்தவ நெறியில் ஊன்றி நின்ற அக்குடும்பத்தில் ஒழுங்கும் நேரந் தவறாமையும் உயிரினும் மேலாகப் போற்றப்பட்டன. பெற்றோர் தம் மைந்தருக்கு ஜோசப் செல்லத்துரை கார்னீலியஸ் என்று பெயரிட்டனர். இவருடன் பிறந்தோரும் கல்வியிற் சிறந்தவர்களே. தமையனார் ஜே. எம். குமரப்பா சமூகப் பணிக் கல்வியில் புகழ் பெற்றார். இளவல் பாரதன் குமரப்பா தத்துவத் துறையில் அறிஞராய் விளங்கிப் பின்னர்க் கிராமப் பணியில் ஈடுபட்டார்.

அக்காலத்தில் கணக்குத் தணிக்கை என்பது மிக்க மதிப்புடைய தொழில். ஒரு வாணிக நிலையத்தின் ஏடுகளை ஆராய்ந்து, அவற்றில் எழுதப்பட்டவை உண்மைதானா, காசு எதுவும் காணாமற் போயிற்றா என்று கண்டு சான்று வழங்குவது தணிக்கையாளரின் கடமை. அவருக்குக் கூரிய கண் வேண்டும்; யாருக்கும் அஞ்சாத நெஞ்சமும் வேண்டும். இத்தொழிலைக் கற்க இளைஞர் செல்லத்துரை இலண்டன் மாநகர் சென்றார். முதல் உலகப் போர் நடைபெற்ற ஆண்டுகளில் அந்நகரிலேயே தங்கிப் பயின்று, தேர்வுகளில் வெற்றி பெற்று, தகுதி பெற்ற கணக்கராய் 1919-ஆம் ஆண்டில் தாயகம் திரும்பினார்.

திரும்பியவர் பம்பாயில் தொழில் நடத்தினார். முதலில் ஆங்கிலேய நிலையம் ஒன்றில் அலுவல் ஏற்றார். பின்னர்க் கார்னீலியஸ் தாவர் என்னும் பெயருடன் சொந்தமாகவே ஒரு தணிக்கை நிலையத்தைத் தொடங்கினார். பம்பாய் அந்நாளில் பருத்தி ஆலைகளும் வங்கிகளும் கப்பல் வாணிகமும் மிகுந்த நகரம். தணிக்கையாளருக்கு வேலைக்குக் குறைவில்லை. உடையும் உணவும் பேச்சும் மேனாட்டு முறையில் அமைந்திருந்தன. செல்வமும் செல்வாக்கும் நாளுக்கு நாள் பெருகுதற்கு உரிய நிலை அது. பொருளீட்டுவதே கல்வியின் பயன் என்றால், அவர் கற்க வேண்டியது இனி ஒன்றுமில்லை என்றே பிறர் கருதியிருப்பர்.

ஆயினும், கற்றவர்க்குக் கல்வியின் எல்லை தோன்றுவதில்லை. 1927-ஆம் ஆண்டில் அவர் அமெரிக்க ஐக்கிய நாடு சென்றார். அங்கே நியூயார்க் மாநிலத்தின் நடுப்பகுதியில் அமைந்த சிரகியூஸ் நகரத்துப் பல்கலைக் கழகத்தில் மாணவராய்ச் சேர்ந்தார்.

சிரகியூஸ் பனி மிகுந்த ஊர். மாரிக்காலத்தில் வீதிகளும் கூரைகளும் பல நாள் வெண்பனியால் மூடிக் கிடக்கும். அவ்வூருக்கு உப்பு நகரம் என்றொரு பெயரும் உண்டு. அங்கே இயற்கையாய் ஊறிய உவர்நீர் ஊற்றுகளிலிருந்து உப்புக் காய்ச்சும் தொழில் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் ஓங்கி வளர்ந்தது. ஊரை ஊடறுத்துச் சென்ற ஈரிக் கால்வாய் அவ்வுப்பைத் தொலைவான சந்தைகளுக்குக் கொண்டு சென்றது. உப்பினால் ஓர் ஊர் செழித்த வரலாற்றை அந்நகரில் காணலாம். உப்பின் மேல் வைத்த வரியினால் ஒரு நாடு வருந்திய வரலாற்றையோ, அதே மாணவர் சில ஆண்டுகளுக்குப் பின் தம் தாயகத்தில் காண நேர்ந்தது.

அங்குள்ள பல்கலைக் கழகம் 1870-ஆம் ஆண்டில் மெதடிஸ்டுத் திருச்சபையினரின் முயற்சியால் தோன்றியது. அஃது அரசாங்கத்தால் நடத்தப்படுவதன்று. தனியார் பல்கலைக் கழகம். இந்தியாவில் சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்று பல்கலைக் கழகங்களும் 1857-ஆம் ஆண்டில் அரசாங்கச் சட்டங்களால் நிறுவப்பட்டவை. அமெரிக்காவிலோ அரசினர் நிறுவிய பல்கலைக் கழகங்களோடு, தனியார் நிறுவியவையும் பல உள்ளன. வள்ளல்கள் வழங்கிய நன்கொடை, அவற்றைச் சேர்த்து வைத்த அறநிதி, மாணவர் செலுத்தும் கட்டணம் ஆகியவற்றைக் கொண்டு அவை இயங்குகின்றன. அவற்றை நடத்தும் பொறுப்பு ஓர் ஆட்சிக் குழுவினிடம் இருக்கிறது. அங்கே கற்பவர் பெரும் பொருள் செலவிட்டே கற்க வேண்டும். ஆதலால், கற்கும் ஒவ்வொரு நாளும் விலைமதிப்புள்ளது என்பதை உணர்ந்த மாணவர்க்கே அவற்றின் முழுப் பயனும் கிட்டும்.

செல்லத்துரை அங்கே வணிக நிருவாகம் என்னும் பாடத்தை மேற்கொண்டு இளநிலைப் பட்டத்துக்குப் பயின்றார். இளநிலை வகுப்பு என்பது பள்ளிப் படிப்பை முடித்து வரும் இளைஞர்க்கு உரியது. பதினெட்டும் இருபதும் வயதான இளைஞர் அமரும் வகுப்பில், முப்பத்தைந்து வயதுடையவர் ஒருவர், அதிலும் இலண்டன் மாநகரில் தேர்ச்சி பெற்றுப் பம்பாயில் சொந்தத் தொழில் நடத்தியவர், குறிப்பேடும் எழுதுகோலுமாய் அமர்ந்தார். வயதும் பதவியும் வந்த பின்னர் மீண்டும் ஓர் ஆசிரியரின் முன் மாணவராய் இருப்பது எளிதன்று. தாம் அறிந்ததையும் மறந்தாற்போல் கேட்கும் பணிவு அதற்கு வேண்டும். அந்தப் பணிவு அவரிடம் இருந்தது.

வணிக நிருவாகம் என்பது ஒரு தொழில் நிலையத்தை உள்ளிருந்து நோக்கும் கல்வி. மூலதனத்தை எவ்வாறு திரட்டுவது, பண்டங்களை எவ்வாறு ஆக்குவது, அவற்றைச் சந்தையில் எவ்வாறு விற்பது, வரவு செலவுகளை எவ்வாறு கண்காணிப்பது என்பவற்றை அது கற்பிக்கும். பொருளியலோ ஊருக்கு வெளியே உள்ள குன்றின் மேல் ஏறி நின்று ஊர் முழுவதையும் நோக்குவது போன்றது. ஒருவர் பெற்ற இலாபம் மற்றொருவர்க்கு நட்டமாயிற்றா, ஒரு நாட்டின் செல்வம் எவ்வழியாய்ப் பெருகுகிறது, எவ்வழியாய்க் கசிந்து போகிறது என்பவற்றை அஃது ஆராயும். முன்னதில் நன்கு தேர்ந்தவர்க்குப் பின்னதைக் கற்க வேண்டும் என்னும் வேட்கை எழுவது இயல்பு. 1928-ஆம் ஆண்டில் சிரகியூஸ் பல்கலைக் கழகத்தின் பி. எஸ்ஸி. பட்டம் பெற்ற செல்லத்துரை, அத்துடன் அமையாமல் பொருளியல் பயில நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக் கழகம் சென்றார்.

கொலம்பியாவும் தனியார் பல்கலைக் கழகமே. 1754-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பழம்பெருமை உடையது. அங்கே எட்வின் செலிக்மன் என்னும் பேராசிரியர் பொருளியல் கற்பித்து வந்தார். வரி பற்றிய ஆராய்ச்சியில் உலகம் போற்றிய அறிஞர் அவர். பல ஆண்டுகளுக்கு முன், 1913-ஆம் ஆண்டு முதல் அப்பல்கலைக் கழகத்தில் பயின்ற அம்பேத்கருக்கும் அவரே ஆசிரியராய் விளங்கினார். அத்தகையவரிடம் பொதுநிதியியலைக் கற்கும் வாய்ப்பு செல்லத்துரைக்குக் கிட்டியது.

பொதுநிதியியல் என்பது அரசாங்கத்தின் வரவு செலவைப் பற்றிய இயல். அரசாங்கம் மக்களிடமிருந்து வரி வாங்குகிறது. வாங்கியதை நாட்டுக்காகச் செலவிடுகிறது. ஒரு ரூபாயைச் செல்வரிடமிருந்து வாங்கினால் அவர் அதனை உணர்வதுமில்லை. அதே ஒரு ரூபாயை அன்றாடங் காய்ச்சியிடமிருந்து வாங்கினாலோ, அவன் வீட்டு அடுப்பு அன்று எரியாது. ஆகவே, யாரிடம் எவ்வளவு வாங்குவது என்பது முதல் வினா. வாங்கியதை எவ்வாறு செலவிடுவது என்பது இரண்டாவது வினா. கதிரவன் நிலத்து நீரை ஈர்ப்பது மழையாய்த் திருப்பித் தருதற்கே. வரியும் அவ்வாறே கல்வியாகவும் மருத்துவமாகவும் நீர்ப்பாசனமாகவும் பாதையாகவும் கொடுத்தவர்களிடமே திரும்பிவர வேண்டும். ஈர்த்த நீர் வேறொரு நாட்டில் சென்று பொழியுமானால், ஈர்க்கப்பட்ட நிலம் என்னாகும்?

இந்தச் சமயத்தில் ஒரு நிகழ்ச்சி நேர்ந்தது. செல்லத்துரை ஒரு தேவாலயத்தில் உரையாற்ற அழைக்கப்பட்டார். அவர் எடுத்துக்கொண்ட பொருள், இந்தியா ஏன் வறுமையுற்றிருக்கிறது என்பது. அவ்வுரை பற்றிய செய்தி நாளிதழில் வெளியாயிற்று. பேராசிரியர் செலிக்மன் அதனைப் படித்தார். தம் மாணவரின் உள்ளத்தில் கனன்றுகொண்டிருந்த வினாவைக் கண்டுகொண்டார். மேற்பட்டத்துக்கு உரிய ஆராய்ச்சியாக அப்பொருளையே மேற்கொள்ளுமாறும், இந்திய அரசாங்கத்தின் வரவு செலவு முறைக்கும் மக்களின் வறுமைக்கும் உள்ள தொடர்பை ஆராயுமாறும் அவர் வழிகாட்டினார்.

மேடையில் நின்று நாட்டின் வறுமையை எடுத்துரைப்பது ஒன்று. அதன் காரணத்தை எண்களால் மெய்ப்பிப்பது மற்றொன்று. உரையைக் கேட்போர் உருகுவர். ஆராய்ச்சியைப் படிப்போரோ சான்று எங்கே என்று கேட்பர். செல்லத்துரை அரசாங்கமே வெளியிட்ட கணக்குகளை எடுத்துக்கொண்டார். வாணிக நிலையங்களின் ஏடுகளை ஆராய்ந்து பழகிய அதே கண்கொண்டு ஒரு பேரரசின் ஏடுகளை ஆராயத் தொடங்கினார். ஏட்டின் ஒவ்வொரு வரியும் அவரோடு பேசிற்று. நிலவரியும் உப்பு வரியும் ஏழை எளியவர் மேலேயே பெரிதும் விழுந்தன. அவ்வாறு திரட்டிய பொருளில் பெரும் பகுதி படைக்கும், கடனுக்கு உரிய வட்டிக்கும், உயர்ந்த ஊதியம் பெற்ற அலுவலர்க்கும் செலவாயிற்று. ஓய்வூதியமாகவும் வட்டியாகவும் ஒரு பகுதி ஆண்டுதோறும் கடல் கடந்து இங்கிலாந்து சென்றது. கல்விக்கும் நலவாழ்வுக்கும் கிடைத்ததோ சிறு பங்கே.

கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. கணக்கு சரியாகவே இருந்தது. ஆனால், கணக்கு சரியாக இருந்தும் நீதி பிழைத்திருந்தது. தணிக்கையாளராய் இருந்தபோது அவர் தேடியது ஏட்டில் நேர்ந்த பிழையை. பொருளியல் மாணவரான பின் அவர் கண்டது ஏட்டையே எழுதிய முறையில் நேர்ந்த பிழையை. அந்நாள் வரை ஆங்கில ஆட்சியின் நன்மைகளையே பெரிதென எண்ணி வாழ்ந்த ஒருவருக்கு இஃது எளிதாய் ஏற்கத்தக்க உண்மையன்று. தம் உடையும் பழக்கமும் தொழிலும் அந்த ஆட்சியின் நிழலிலேயே வளர்ந்தவை. எனினும், எண்கள் காட்டிய உண்மைக்கு அவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. ஆராய்ச்சி நிறைவெய்தியது; 1929-ஆம் ஆண்டில் கொலம்பியா பல்கலைக் கழகம் அவருக்குப் பொருளியலில் எம். ஏ. பட்டம் வழங்கியது.

பட்டத்தோடு தாயகம் திரும்பியவர் தம் குடும்பத்தின் பழைய பெயராகிய குமரப்பா என்பதனை ஏற்றார். ஜோசப் கார்னீலியஸ் குமரப்பா என்பது அவர் பெயராயிற்று. ஆராய்ச்சி நூலை அச்சிட விரும்பியபோது, அதனைக் காந்தியடிகளிடம் காட்டுமாறு நண்பர்கள் கூறினர். அதன்படி நூல் அடிகளிடம் சேர்ப்பிக்கப்பட்டது. 1929-ஆம் ஆண்டு மே மாதம் 9-ஆம் நாள் சபர்மதி ஆசிரமத்தில் தம்மைக் காண வருமாறு அடிகள் குறிப்பிட்டார்.

மேனாட்டுப் பட்டாடையும் கைத்தடியுமாய்க் குமரப்பா ஆசிரமம் சென்றார். குறித்த நேரத்துக்குச் சிறிது முன்னரே வந்துவிட்டதால் ஆற்றங்கரைப் பக்கம் உலாவினார். அங்கே ஒரு மரத்தடியில், சாணமிட்டு மெழுகிய தூய தரையில் முதியவர் ஒருவர் அமர்ந்து இராட்டை நூற்றுக்கொண்டிருந்தார். அதற்கு முன் இராட்டையைக் கண்டறியாத குமரப்பா, கைத்தடியை ஊன்றியவாறு நின்று அதனை நோக்கினார். சிறிது நேரம் கழிந்தது. பல்லில்லாத வாய் மலர முறுவலித்த அம்முதியவர், வந்திருப்பவர் குமரப்பாதாமோ என்று வினவினார். தாம் காண வந்த காந்தியடிகள் அவரே என்பதைக் குமரப்பா அப்போதுதான் உணர்ந்தார். உடனே மடிப்புக் கலையாத தம் ஆடையையும் பொருட்படுத்தாது தரையில் அமர்ந்தார். யாரோ ஒருவர் நாற்காலி கொண்டு வந்தபோது அவர் அதனை ஏற்கவில்லை. பம்பாயின் உயர்ந்த நாற்காலிகளில் அமர்ந்தவர், தாமே விரும்பித் தரையில் அமர்ந்த அந்நாள் அவர் வாழ்வில் ஒரு திருப்புமுனை ஆயிற்று.

நூலைப் படித்து மகிழ்ந்த அடிகள் அதனைத் தம் யங் இந்தியா இதழில் தொடர்ந்து வெளியிட இசைந்தார். பொதுநிதியும் நம் வறுமையும் என்னும் பொருளுடைய பெயரோடு அது 1930-ஆம் ஆண்டில் நூல் வடிவமும் பெற்றது. ஆனால், அடிகள் அத்துடன் நிற்கவில்லை. நூலகத்தில் இருந்துகொண்டு அரசாங்க ஏடுகளை ஆராய்ந்தவரைச் சிற்றூர்களுக்குச் சென்று மக்களின் வாழ்க்கையை நேரில் ஆராயுமாறு பணித்தார். குஜராத்தில் கேடா மாவட்டத்தைச் சேர்ந்த மாதர் வட்டம் அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது.

குமரப்பாவுக்குக் குஜராத்தி மொழி தெரியாது. மொழி அறியாதவர் உழவரோடு பழகி ஆராய்வது எங்ஙனம் என்ற ஐயம் எழுந்தது இயல்பே. ஆயினும், காந்தியடிகள் 1920-ஆம் ஆண்டில் நிறுவிய குஜராத் வித்யாபீடத்தின் மாணவர்கள் அவருக்குத் துணையாயினர். அவ்வித்யாபீடமும் அரசாங்கத்தைச் சாராது மக்களின் பொருளால் நடைபெற்ற கல்விக்கூடமே. சில திங்களுக்கு முன் கொலம்பியாவில் மாணவராய் இருந்தவர் இங்கே ஆசிரியரானார். அவர்தம் வகுப்போ நான்கு சுவர்களுக்குள் அடங்கவில்லை. மாணவர் ஊர் ஊராய்ச் சென்றனர். நிலம் எவ்வளவு, விளைவு எவ்வளவு, மாடு எத்தனை, கடன் எவ்வளவு, வட்டி என்ன, வரி என்ன என்று கேட்டு எழுதினர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். குமரப்பாவின் ஏட்டுக் கல்வியோ உழவனின் வயல் வரப்பில் நின்று உரம் பெற்றது. நியூயார்க்கில் எண்களாய்க் கண்ட வறுமையை மாதர் வட்டத்தில் அவர் மனிதராய்க் கண்டார்.

1930-ஆம் ஆண்டில் காந்தியடிகள் உப்பு வரியை எதிர்த்துத் தண்டிக்கு நடைப்பயணம் மேற்கொண்டார். அப்போராட்ட நாட்களில் யங் இந்தியா இதழை நடத்தும் பொறுப்பு குமரப்பாவின் தோளில் விழுந்தது. அவர் அஞ்சாது எழுதினார். அதன் பயனாய்ச் சிறை புகுந்தார். பம்பாயில் செழித்திருந்த தணிக்கைத் தொழிலை அவர் மீண்டும் நாடவில்லை. பட்டாடை நீங்கிக் கதராடை அவர் மேனியில் ஏறியது. இந்தியாவின் மேல் சுமத்தப்பட்டிருந்த அரசாங்கக் கடன்களில் நம் நாடு ஏற்கத்தக்கவை எவை என ஆராயக் காங்கிரசு 1931-ஆம் ஆண்டில் ஒரு குழு அமைத்தபோது, குமரப்பாவும் அதில் இடம்பெற்றார். செலிக்மனிடம் கற்ற கல்வி நாட்டின் வழக்கை வாதிடும் கருவியாயிற்று.

1934-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் பீகாரில் பெருநிலநடுக்கம் ஏற்பட்டது. துயருற்ற மக்களுக்கு உதவ நாடெங்கும் நிதி திரட்டப்பட்டது. இராசேந்திர பிரசாத் தலைமையில் நடைபெற்ற அப்பணியில், நிதியைக் காக்கும் பொறுப்பைக் குமரப்பா ஏற்றார். ஒவ்வோர் அணாவும் துயருற்றோர்க்கு உரியது என்று கருதிய அவர், தொண்டர்களின் உணவுச் செலவுக்கும் கடுமையான வரையறை செய்தார். குழுவின் கூட்டத்துக்குக் காந்தியடிகளும் அவருடன் வருவோரும் வந்தபோது, அவர்களுடைய செலவினை நிவாரண நிதியிலிருந்து கொடுக்க இயலாது என்று தெரிவித்துவிட்டார். தம் தலைவர் என்பதற்காகவும் அவர் கணக்கைத் தளர்த்தவில்லை. அடிகளும் அதனைக் குறையாகக் கருதாது ஏற்றுக்கொண்டார். பிறர் பொருளைக் காப்பவரிடம் இருக்க வேண்டிய நேர்மை இஃதன்றோ!

அவ்வாண்டின் இறுதியில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் தோன்றியது. குமரப்பா அதன் செயலாளரானார். வார்தாவில் மகன்வாடி என்னும் இடத்தில் சங்கம் இயங்கியது. நெல் குத்துதல், செக்காட்டுதல், கையால் காகிதம் செய்தல், தேனீ வளர்த்தல், பனைவெல்லம் காய்ச்சுதல் முதலிய தொழில்கள் அங்கே ஆராயப்பட்டன, கற்பிக்கவும்பட்டன. மண்ணெண்ணெய்க்கு மாறாகத் தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் என்னும் விளக்கும் அங்கே உருவாயிற்று. வணிக நிருவாகத்தில் பட்டம் பெற்றவர், ஓர் எண்ணெய்ச் செக்கின் திறனையும் ஓர் ஊரின் தேவையையும் கணக்கிடுவதில் தம் அறிவைச் செலுத்தினார்.

1942-ஆம் ஆண்டுக்குப் பின் மீண்டும் சிறை வாழ்வு வாய்த்தது. சிறையில் இருந்தபோது நிலைபேற்றுப் பொருளாதாரம் என்னும் கருத்தை விளக்கும் நூலை அவர் எழுதினார். இயற்கையின் செல்வம் இருவகைப்படும் என்பது அவர் கொள்கை. நிலக்கரியும் பெட்ரோலியமும் தேக்கி வைத்த செல்வம். எடுக்க எடுக்கக் குறையும். காடும் நீரோட்டமும் ஓடிவரும் செல்வம். அறிவோடு பயன்படுத்தினால் என்றும் சுரக்கும். முன்னதையே நம்பி வாழும் நாடுகள் அது குறையுந்தோறும் ஒன்றோடொன்று போரிடும். பின்னதை நம்பி வாழ்வோர்க்கு அமைதி வாய்க்கும் என்று அவர் உணர்த்தினார். சுற்றுச்சூழல் பற்றிய பேச்சு உலகில் பரவுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இக்கருத்தை அவர் வெளியிட்டார். அவருடைய பணியைப் பாராட்டிய காந்தியடிகள் கிராமக் கைத்தொழில் அறிஞர் என்னும் பட்டத்தை அவருக்கு அளித்தார். சிரகியூசும் கொலம்பியாவும் அளித்த பட்டங்களோடு இதுவும் சேர்ந்தது.

நாடு விடுதலை பெற்ற பின், காங்கிரசு அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்குக் குமரப்பா தலைமை தாங்கினார். 1949-ஆம் ஆண்டில் அக்குழுவின் அறிக்கை வெளிவந்தது. நிலம் உழுபவர்க்கே உரியதாதல் வேண்டும் என்பதை அது வற்புறுத்தியது. பதவியும் பெருமையும் அவரைக் கவரவில்லை. மதுரை மாவட்டத்துத் தே. கல்லுப்பட்டியில் உள்ள காந்திநிகேதன் ஆசிரமத்தில் எளிய குடிசை ஒன்றில் அவர் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்தார். அங்கே ஏழை உழவர் ஒருவரின் படத்தை வைத்திருந்தார் என்றும், காந்தியடிகள் தமக்குத் தலைவர் என்றால் இவ்வுழவரே தம் தலைவருக்கும் தலைவர் என்று வந்தவர்களிடம் கூறுவார் என்றும் சொல்லுவர். திருமணம் செய்துகொள்ளாத அவர் உழவர் குலத்தையே தம் குடும்பமாகக் கொண்டார். 1960-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 30-ஆம் நாள் சென்னையில் அவர் உயிர் நீத்தார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் காந்தியடிகள் மறைந்ததும் அதே நாளில்தான்.

கடல் கடந்து சென்று கற்றோர் நம் நாட்டில் பலர். கற்றதைக் கொண்டு தம் நிலையை உயர்த்திக்கொண்டோரும் பலர். குமரப்பாவோ கற்றதனால் தம் வருவாயை இழந்தார். ஆனால், தம் நாட்டை அடைந்தார். அவர் பெற்ற பட்டங்கள் தாளில் எழுதப்பட்டவை. அவற்றை அவருக்கு முன்னும் பின்னும் பலர் பெற்றிருக்கின்றனர். அந்த வகுப்பறைகளில் அவர் கற்ற வினா ஒன்றே அவருக்கு வழித்துணையாய் நின்றது. எந்தக் கணக்கைக் கண்டாலும், வரவு யாருடையது, செலவு யாருக்காக என்று கேட்டறிதலே அவ்வினா. பொருளியல் கற்கும் மாணவர் ஒவ்வொருவரும் தம் ஏட்டின் முதற்பக்கத்தில் எழுதிக்கொள்ளத் தக்க வினா அது. அதற்கு உரிய விடையைத் தேடி, குமரப்பா சென்ற வழியே ஒரு முறையேனும் உழவனின் வயல் வரப்பு வரையில் நடந்து செல்வதே அவருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.